கொசு மருந்துக்காரரின் பேஸ் கிடார்

என் கடைக்கு அவர் வந்தால், வந்திருக்கிறார் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கூடவே மைக் செட் வாடகைக்கு விடுவேன். ஏதாவது பற்றவைத்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தால் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, யார் உட்கார்ந்தாலும் டக்கென்று ஆடும். அவர் உட்காரும்போது மட்டும் அது எப்படி வாயை மூடிக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எப்ப வந்தீங்கண்ணா?" என்றால் "இப்பத்தான்" என்பார். பக்கத்தில் அவர் குடித்து முடித்த சாயா கிளாஸ் காய்ந்துபோய் இருக்கும்.

முதலில் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. நான் பிறவியிலேயே முன்கோபி. வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது, ரேடியோவைத் திட்டுவேன், ரேடியோ கொண்டு வந்தவனையும் திட்டுவேன். அதையெல்லாம் ஒருத்தர் ஓசையில்லாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருமுறை அவரையே திட்டிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன், ஸ்டூலில் இருக்கிறார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும்.

கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. எங்கள் ஊர்க் கொசுவைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, எழுத உட்கார்ந்தால் அதுவே வந்து கையில் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் மருந்தடிக்க வந்தால் தெருவே அறியும். வாளி உருளும், சாக்கடைப் பலகையைத் தூக்கிப் போடுவார்கள், கதவை அடைக்கச் சொல்லி ஒரு கூச்சல் கேட்கும். இவர் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு வருவார், பலகையை மெதுவாக எடுத்துச் சுவரில் சாய்ப்பார், அடிப்பார், பலகையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு மருந்தடிக்க ஆளே வருவதில்லை என்று சிலர் சேர்ந்து ஆபீசில் புகார் கொடுத்ததும் உண்டு. அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் வந்து இன்னொரு தடவை அடித்தார். அதுவும் யாருக்கும் தெரியவில்லை. கொசுவுக்கே சொல்லாமல் கொல்லுகிற மனுஷன் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

டம்ளரைக் கீழே வைத்தால் முதலில் சுண்டுவிரலைத் தரையில் வைத்து, அதன் மேல் டம்ளரை இறக்கி, பிறகு விரலை உருவுவார். தும்மல் வந்தால் துண்டை நாலாக மடித்து அதற்குள் தும்முவார். சைக்கிளில் மணி இருந்தது, அடித்து யாரும் கேட்டதில்லை. பஜாரில் முன்னால் கைவண்டி போனால் அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் அரிசி மூட்டை ஏற்றிய வண்டியின் பின்னால் அப்படிப் போய்ப் போய், வேலைக்குப் போக வேண்டியவர் படகுத்துறையில் போய் நின்றார். மணியடித்திருக்கலாமே என்று கேட்டேன். வண்டிக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டு போனார், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்றார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் கானமேளா குழுவில் பேஸ் கிடார் வாசித்தார்.

கானமேளா என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், கிளப் ஆண்டுவிழா எதுவும் எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் முடியாது. எங்கள் குழுவை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மலையாளி, எல்லோருக்கும் அவர் மாஷ். ஆர்மோனியம் வாசிப்பார். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து எடுத்து அவருக்கு ஒரு மாதிரித் தமிழ் வந்திருந்தது. மைக் செட் என்னுடையது. பாட்டுக்காரர்கள் முன்னால் நிற்க, தபலா, டிரம்ஸ் எல்லாம் தாண்டிக் கடைசி மூலையில் அவர் நிற்பார். கிடாரைக் கழுத்து வரைக்கும் ஏற்றிக் கட்டி, அதன் உடம்பில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இசையில் லயித்துப்போய் நிற்கிறார் என்று சிலரும், தூங்குகிறார் என்று பலரும் நினைத்தார்கள். தூங்குகிறார் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் கிடாரிலிருந்து ஒன்றும் கேட்காது.

பேஸ் கிடாருக்கு நாலே கம்பி, ஒவ்வொன்றும் தடி தடியாக இருக்கும். பாட்டுக்கு அடியில் கனமாக ஒரு சத்தம் ஓடுமே, அதுதான் அதன் வேலை. பல வருஷம் அது கேட்காததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜனங்கள் பாட்டுக்காரரைப் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள் பெரிய பெரிய டேப் ரிக்கார்டர்களைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சாயாக் கடையில்கூடப் பாட்டு தும் தும்மென்று நெஞ்சில் இடிக்கத் தொடங்கியது. அதற்கப்புறம் விழாக் கமிட்டிக்காரர்களுக்குக் காது முளைத்துவிட்டது. அந்தத் தும் தும் உங்கள் மேடையில் எங்கே என்று கேட்டார்கள்.

மாஷ் நேராக என் கடைக்கு வந்தார். இவரும் அன்றைக்கு ஸ்டூலில் இருந்திருக்கிறார், நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

"எடோ, பாட்டு நிலத்துல நிக்கவே இல்லா. ஒண்ணு உன்டெ செட்டு கேடு, இல்லெங்கில் அயாள்டெ கிடார் கேடு. வாசகசாலை வார்ஷிக விழா வரைக்கும் பாப்பேன். அதுலயும் பேஸ் கேக்கலைன்னா கலூர்ல ஒரு பையன் உண்டு, கீபோர்டு வச்சிருக்கான். வலது கையில பாட்டு வாசிப்பான், இடது கையில பேஸ் வாசிப்பான். பின்னெ நமக்கு கிடாரே வேண்டா."

சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் மாஷ் ஸ்டூலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர், நேருக்கு நேர் யாரையும் நோகடித்து அறியாதவர். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் அந்தக் குடையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "எங்கிட்டத்தான் ஏதோ குறை இருக்கும் தம்பி" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. படகு தாமதமாக வந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "இது போச்சுன்னா எனக்குக் கொசு மட்டுந்தான் மிச்சம்" என்றார். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னார். யாருக்காவது மனசு இரங்கினால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கே ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டேன்.

பிரித்தால் ஸ்பீக்கர் காகிதத்தை எலி கடித்திருந்தது. ஆகா, அகப்பட்டான் திருடன் என்று ஒட்டுப்போட்டு மூடினேன். அடுத்த கச்சேரியில் கேட்கவில்லை. மின்சாரம் சரியில்லை என்று முடிவு கட்டினேன். சாயங்காலமானால் மட்டாஞ்சேரியில் பல்பு எரிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டும். கூட்டாளி ஒருவனிடம் ஸ்டெபிலைசர் இரவல் வாங்கி வைத்தேன். பாட்டுக்காரர் குரல் படகுத்துறை தாண்டிக் கேட்டது, டிரம்ஸ் காதைக் கிழித்தது, பேஸ் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ஒயரை மாற்றினேன். முனைகளைப் புதிதாகப் பற்றவைத்தேன். குமிழை முழுக்கத் திருப்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். திருப்பினேன். ஓவென்ற இரைச்சலோடு அவர் சட்டைப் பொத்தான் கிடாரில் உரசுவதும், அவர் மூச்சு விடுவதும் மைதானம் முழுக்கக் கேட்டன. கிடார் கேட்கவில்லை.

கிடாரைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஆனது. அங்கேதான் வில்லங்கம். அவர் அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு தம்பி, நானே செய்யறேன்" என்பார். கம்பிக்குக் கீழே பிக்கப் என்று ஒரு பட்டை உண்டு, கம்பியின் அதிர்வை அதுதான் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அதைக் கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தினால் சத்தம் கூடும். எந்தத் திருகைத் திருக வேண்டும் என்று நான் விரல் நீட்டிக் காட்ட, அவர் திருகுவார், நான் கிட்டே குனிந்தால் கிடாரோடு சேர்ந்து அவரும் ஒரு அங்குலம் நகர்வார். வாத்தியக்காரர்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு உண்டு, எங்கள் தபலாக்காரர் தபலாவுக்குத் தனி இருக்கை கேட்டுப் படகில் சண்டை போட்டவர். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

அடுத்தது கம்பி. புதுக் கம்பி வேண்டுமென்றால் வெலிங்டன் தீவில் இறங்குகிற கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும், அது நம் அவசரத்துக்கு ஆகாது. ஃபோர்ட் கொச்சியில் முன்பு பேண்டு வாசித்த பெரியவர் ஒருவர், பழைய கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் இடுக்கில் இருக்கிற அழுக்கெல்லாம் போய் நாதம் திரும்பும் என்று சொன்னார். அது உண்மையும்கூட. கம்பியை அவிழ்த்துக்கொண்டு இவர் வீட்டுக்குப் போனோம்.

லைன் வீடு, ஒரே அறை. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அங்கே இருந்தவர் துறைமுகத்தில் ராத்திரி வேலை பார்ப்பவர், பகலில் தூங்குவார். இவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். செம்மீன், அதாவது இறால், உரிக்கிற ஷெட்டில் வேலை, விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். அந்த ஷெட்டில் நாள் முழுக்கத் தண்ணீரும் பெண்களும் போடுகிற இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, அக்கா ரகசியம் சொன்னால்கூட எதிர்க்கரையில் பதில் கேட்கும். கடவுள் அந்த வீட்டுக்குக் கொடுத்த சத்தம் முழுவதையும் அக்காவே வாங்கிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

கப்பைக் கிழங்கு வேகவைக்கிற பானையில் நாலு கம்பியும் சுருண்டு கொதிப்பதை அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி இது, பாம்பா?" என்றார். நான் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "உப்பு போட்டாச்சா?" என்றார். இவருக்குத் தோள் குலுங்கியது. அடுப்படியில் நின்றபடியே அக்கா இனி இந்தப் பானையில் கப்பை வைக்க முடியாது, வைத்தால் வயிற்றுக்குள் பாட்டுக் கேட்கும் என்று தெருவுக்கே அறிவித்தார்.

கம்பிகளைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாள் என் கடையில் வைத்துக் கட்டினோம். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். அவர் சுருதி சேர்த்தார். வாசித்தார். தும் என்று கேட்க வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவது போல ஏதோ கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கிடாரை ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் முகம் கழுவப் போனார். என் பக்கத்தில் அவர் அதைத் தனியாக விட்டுப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்தக் குட்டைக் கால் ஸ்டூல் ஆடியது. கிடார் சரிந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். பிடித்த வேகத்தில் என் முழங்கை தடித்த கம்பியில் பட்டது.

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ரிப்பேருக்கு வந்த ரேடியோ ஒன்று தானாகப் பாட ஆரம்பித்தது. எதிர்க் கிடங்கில் படுத்திருந்த பூனை மிளகு மூட்டைகளின் மேல் ஏறி ஓடியது, கிடங்குக் கணக்குப்பிள்ளை வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பின்பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. அவர் ஓடி வருகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். முகத்தில் தண்ணீர் சொட்ட வாசலில் வந்து நின்றார்.

"யாராவது எந்திரிச்சிட்டாங்களா?" என்றார்.

சாயங்காலம் நாலு மணி. கடையில் நானும் அவரும். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை, மின்சாரத்தில் இல்லை, கம்பியில் இல்லை. இத்தனை நாளாக நான் கிடாரை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறேன், கிடார் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இங்கே ஆடுகிறவர் வாயையே திறக்கவில்லை, நான்தான் கூடத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உட்கார வைத்துக் கேட்டேன். துண்டு துண்டாகச் சொன்னார். மூன்று பிள்ளைகள், ஒரே அறை. கடைசிப் பிள்ளைக்கு இழுப்பு, தூங்க வைப்பதற்குள் பாதி ராத்திரி போய்விடும். அக்கா விடியும் முன்பு எழ வேண்டும். பகலில் வாசிக்கலாம் என்றால் பலகைக்கு அந்தப் பக்கம் துறைமுகக்காரர் தூங்குவார். இதற்கு நடுவே இவருக்கு ஏதாவது வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு தடவை புல்லாங்குழல் வாங்கி வந்து ஊதியிருக்கிறார், லைன் வீடு முழுக்க வாசலில் கூடிவிட்டதாம். பிறகு ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது இந்தக் கிடாரைப் பார்த்திருக்கிறார். தட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை.

"கரண்டு இல்லைன்னா இது ஊமை தம்பி. அதான் வாங்கினேன்" என்றார்.

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக வாத்தியம் வாங்கியிருப்பார்கள். கேட்காது என்பதற்காக வாங்கியவர் இவர் ஒருவர்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு சுவரோரம் உட்கார்ந்து வாசித்துப் பழகியிருக்கிறார். கம்பியை அழுத்தித் தட்டினால் அந்த அறையில் அதுவும் கேட்கும், அதனால் தடவித் தடவித்தான் வாசிக்க வேண்டும். தனக்காவது கேட்க வேண்டுமே, அதற்குத் தாடையைக் கிடாரின் மேல் வைத்துக்கொள்வார், எலும்பு வழியாகக் கேட்கும். மேடையில் ஊரே தூக்கம் என்று நினைத்ததற்கு அதுதான் காரணம். அவருக்கு மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை. வாசகசாலை விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தினமும் சாயங்காலம் கடையில் உட்கார வைத்து அடிக்கச் சொன்னேன். கொசு என்று நினைத்து அடியுங்கள் என்றேன். கொசுவை அவர் எப்படி அடிப்பார் என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன். உங்கள் மேலதிகாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பாவம், அவருக்குச் சர்க்கரை" என்றார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், கலூர்க்காரப் பையனை நினைத்துக்கொண்டு அடியுங்களேன் என்று கத்தினேன். சின்னப் பையன், நன்றாக வாசிப்பானாம், மாஷ் சொன்னார் என்றார். விரல் கம்பியைத் தொட்டதும் தானாக அடங்கிவிடுகிறது தம்பி, நான் என்ன செய்யட்டும் என்று அந்த விரல்களை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன், அக்கா ஷெட்டிலிருந்து திரும்பியிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் பலகைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"இவரா? இவரு எனக்குத் தாலி கட்டினதே எனக்குத் தெரியாது தம்பி. பக்கத்துல நின்ன நாத்தனா சொல்லித்தான் தெரியும்."

மாஷ் சொன்னதையும் சொன்னேன். இந்த விழாவோடு அவரை நிறுத்திவிடுவார்கள் என்றதும் அக்கா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, பயமாக இருந்தது. கச்சேரிகளுக்கு அக்கா ஒருமுறைகூட வந்ததில்லை. விடியலில் எழுகிறவருக்கு அது தூங்குகிற நேரம்.

"மூத்தவன் களமசேரில, நடுவுலவ அவ புருஷன் வீட்டுல, சின்னவன் ஹாஸ்டல்ல. வீட்டுல இப்ப யாரு இருக்கா? இன்னும் யாரு தூங்கறாங்கன்னு இப்படி வாசிக்கறாரு?" என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை. வாசகசாலை விழா சாயங்காலம்தானே, வருகிறேன் என்றார்.

வாசகசாலைக்குப் பின்னால் இருந்த சின்ன மைதானத்தில் மேடை. வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அக்கா, கல்யாணத்துக்கு உடுத்துகிற புடவையில். நான் மேடைக்குக் கீழே மைக் செட்டோடு உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு பாட்டும் எப்போதும் போலத்தான். அவர் தாடையைக் கிடாரில் ஊன்றி, கண்ணை மூடி, தனக்கு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். மாஷ் ஆர்மோனியத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டு தொடங்குவதற்கு முன் அவர் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்திருப்பார். தாடையை எடுத்தார். கையை ஓங்கினார் என்றுகூடச் சொல்லலாம். அடித்தார்.

மைதானத்து மண்ணில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அது கீழிருந்து வந்தது. டியூப் லைட் கட்டியிருந்த கம்பம் நடுங்கியது. பாட்டுக்காரர் பாட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் துள்ளிக் குதிக்கப் போனேன். அதற்குள் முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது.

அவ்வளவுதான். அவர் உள்ளங்கை போய்க் கம்பிகளை அப்படியே பொத்திக்கொண்டது. அவருக்கே தெரியாமல் போயிருக்கும். பாட்டு தொடங்கி ஓடியது, அவர் வாசிக்கவில்லை, தடவக்கூட இல்லை. கம்பிகளைப் பொத்திக்கொண்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். தாய் தட்டிக்கொடுக்கிறாள், ஆட்டுகிறாள், அது நிற்காமல் அழுகிறது. மாஷ் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மாஷ் முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. என் மனசு உடைந்துவிட்டது, வேறென்ன சொல்ல.

அப்போது மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்தார். உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். அந்தத் தாய் யார் என்று அவருக்குத் தெரியாது. கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மேடையைப் பார்த்துத் திரும்பி, செம்மீன் ஷெட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"பிள்ளைய நான் பாத்துக்கறேன். நீங்க வாசிங்க."

என் மைக் செட்டையெல்லாம் தாண்டி அது கேட்டது. பாட்டு நின்றுபோனது. கூட்டம் முழுக்கத் திரும்பி அக்காவைப் பார்த்தது, பிறகு மேடையின் கடைசி மூலையில் நின்றவரைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் கூட்டம் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். யாரோ சிரித்தார்கள். மாஷ் ஆர்மோனியத்தில் கட்டையைப் பிடித்து முதல் வரியிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

அவர் வாசித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் குழுவின் பாட்டு எனக்கே புதிதாகக் கேட்டது. டிரம்ஸ்காரர் பல வருஷமாக எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தவர், பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் கிடைத்தது போல ஒரு இடத்தில் நின்றார். ஒன்றிரண்டு இடத்தில் கிடாரில் அவர் தப்பாகவும் வாசித்தார், இனிமேல் அதுவும் எல்லோருக்கும் கேட்கும். அக்கா குழந்தையைத் தட்டிக்கொண்டே கூட்டத்தின் கடைசிக்குப் போய் கடலை வண்டிக்குப் பக்கத்தில் மேலும் கீழும் நடந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பாட்டு முடிவதற்குள், அத்தனை இடிக்கு நடுவே, குழந்தை அக்காவின் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டது. மேடையிலிருந்து அவரும் பார்த்தார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஆம்ப்ளிஃபயர் குமிழைக் குறைக்க வேண்டி வந்தது.

கலூர்ப் பையனை மாஷ் முன்பே வரச் சொல்லியிருந்தார், அடுத்த ஒத்திகைக்கு அவன் கீபோர்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டான். நல்ல பையன், வாசிப்பும் நன்றாக இருந்தது. வலது கையில் பாட்டை எடுத்தான், எல்லோரும் தலையாட்டினோம். பிறகு இடது கையை எடுத்துக் கீழ்க் கட்டைகளில் வைத்தான். மாஷ் ஆர்மோனியத்தை நிறுத்தினார். மூலையில் நின்றவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக் காட்டிச் சொல்வது போலச் சொன்னார்.

"மோனே, அந்தக் கையை எடு. அவிடெ ஆளுண்டு."